ஐயாசாமிக்கு ரெண்டாம் நடை கிடையாது

ஐயாசாமியைப் பிடிக்கும் என்று சொல்ல லாயாங் லாயாங் ஊரில் ஓர் ஆள் கிடைக்காது. ஆனால் மாவு மிஷின் நின்றுபோனாலும், தேங்காய் துருவுகிற மோட்டார் உறுமினாலும், ஐஸ் அரைக்கிற மிஷின் கட்டி கட்டியாகத் துப்பினாலும் எல்லோரும் அவருக்குத்தான் போன் போடுவார்கள். போனை எடுத்ததும் அவர் கேட்பது ஒரே கேள்வி.

"யாரு கை வச்சீங்க?"

யாரும் கை வைக்கவில்லை என்றால் நம்பமாட்டார். கை வைத்தோம் என்றால் வரமாட்டார். இரண்டுக்கும் நடுவில் என்ன சொல்வது என்று குளுவாங்கிலிருந்து ஸ்கூடாய் வரை கடைக்காரர்கள் விழிப்பார்கள். எப்படியோ ஒருவழியாக வந்து சேர்வார். வந்தால் யாரோடும் பேச்சு கிடையாது, டீ கொடுத்தால் வாங்கமாட்டார். பெல்ட்டைக் கழற்றுவார், பெல்ட் ஓடுகிற சக்கரமான புல்லியை மாற்றுவார், பெல்ட்டை மாட்டுவார். கடைசியில் சின்ன டப்பாவைத் திறந்து, பெல்ட்டை மூடுகிற தகரத்தின் மேல் சிவப்புப் பெயின்டில் ஒரு எண் எழுதுவார். மிஷின் ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்கிற எண். அதற்குக் கீழே ஒரு கோடு. அவ்வளவுதான் கையெழுத்து.

"என் வேலைக்கு ரெண்டாம் நடை கிடையாது" என்பார். ஒரே வேலைக்கு இரண்டாவது தடவை வந்து நிற்கிற ஆள் அவர் இல்லை என்று அர்த்தம். பத்தொன்பது வருடமாக அப்படித்தான் ஓடியது.

இந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்றால், அதற்கும் ஒரு கதை இருக்கிறது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பு முடிந்தது. பதினாறு வயதில் செம்பனை எண்ணெய் ஆலையில் எடுபிடி. ஒருநாள் ஸ்டோரில் கொடுத்த புல்லியை அப்படியே காற்றடிக்கிற விசிறியில் மாட்டிவிட்டார். மோட்டார் பக்கம் போட வேண்டியதைவிட அது இரண்டு அங்குலம் பெரிது. விசிறி வேண்டிய வேகத்துக்கு மேலே போய், நடுங்கி, ஒரு இறக்கை கழன்று பறந்து, வேலையில் இருந்த ஒருவர் தலைக்கு ஒரு முழம் தள்ளித் தகரச் சுவரில் குத்தி நின்றது. நாற்பது பேர் முன்னால் உதவி மேனேஜர், "படிக்காத மாட்டையெல்லாம் உள்ள விட்டா இப்படித்தான்" என்றார். ஐயாசாமி அன்றைக்கு வாய் திறக்கவில்லை.

ஸ்டோரில் பெல்ட் கம்பெனி ஒன்றின் காலண்டர் தொங்கியது. அதில் இரண்டு வட்டம், சுற்றி ஒரு பெல்ட், கீழே ஒரு கணக்கு. ஆங்கிலம் புரியவில்லை. படம் புரிந்தது. மோட்டார் ஒரே வேகத்தில்தான் சுற்றும், அதை யாரும் கெஞ்சி மாற்ற முடியாது. மோட்டாரில் பெரிய புல்லி, மிஷினில் சின்ன புல்லி என்றால் மிஷின் பறக்கும். மாற்றிப் போட்டால் நடக்கும். மோட்டார் வேகத்தை மோட்டார் புல்லியின் அங்குலத்தால் பெருக்கு, மிஷின் புல்லியின் அங்குலத்தால் வகு. வருவது மிஷினின் வேகம். வருடம் முடிந்ததும் அந்தக் காலண்டரை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். இரண்டு வருடம் கழித்து ஒரு இன்ஜினியரின் புல்லிக் கணக்கு தப்பு என்று, அதே நாற்பது பேர் முன்னால், அதே உதவி மேனேஜரின் முகத்துக்கு நேரே சொன்னார். கணக்கு தப்புதான். ஆனாலும் சொன்ன விதத்துக்கு வேலை போயிற்று. அதற்குப் பிறகும் எங்கெங்கோ பிட்டர் வேலை பார்த்து, எல்லா இடத்திலும் சண்டை போட்டு, கடைசியில் ஒரு பழைய வேனோடு தனியாக வந்துவிட்டார்.

உலகத்தில் அவர் நம்பியது அந்த ஒரு கணக்கைத்தான். மனைவி மலர் கூட, "அந்தக் காலண்டரையே கட்டியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

ஜஹானாராவின் மாவு மில் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடை வரிசையில் இருக்கிறது. பத்து பகாட் ஊரில் ஒரு துணி ஃபேக்டரியில் பதினோரு வருடம் தைத்த காசில் வாங்கிய மில். நாற்பத்தேழு வயது. வாய் ஐயாசாமி வாய்க்குக் குறைந்ததில்லை. அந்த வருடம் தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது மோட்டார் எரிந்துபோனது. பாசிர் கூடாங் பக்கம் கப்பல் சாமான் விற்கிற பழைய இரும்புக் கடையிலிருந்து ஐயாசாமி ஒரு மோட்டார் கொண்டுவந்தார். எருமைக் கன்று மாதிரி கனம், செம்புக் கம்பி கெட்டி. மோட்டார் மேல் அடித்திருந்த விவரத் தகட்டில் வேகம் ஆயிரத்து எழுநூற்று ஐம்பது என்று போட்டிருந்தது. எரிந்த மோட்டாரின் வேகம் ஆயிரத்து நானூற்று நாற்பது.

பழைய மோட்டாரில் இருந்தது எட்டங்குலப் புல்லி. மிஷினில் நாலங்குலம். புது மோட்டார் வேகமானது. அதே புல்லியைப் போட்டால் மிஷின் எகிறும். ஐயாசாமி தரையில் சாக்கட்டியால் கணக்குப் போட்டார். ஆறரை அங்குலம்.

"பழைய புல்லி நல்லாத்தானே இருக்கு அண்ணே. அதையே போட்டா என்ன?" என்றாள் ஜஹானாரா.

"போடலாமே. சுத்தி பிச்சிக்கிட்டு வந்து உன் மண்டையில ஏறும். பரவாயில்லையா?"

"கேட்டது குத்தமா லா?"

"தெரியாத விஷயத்தைக் கேக்கிறதும் குத்தம்தான்."

ஆறரை அங்குலப் புல்லியை மாட்டி, தகரத்தில் 2840 என்று எழுதி, கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார். ஜஹானாரா எட்டங்குலப் புல்லியை எடுத்து, காற்றில் அடித்துக்கொண்டிருந்த பின்கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.

மறுவாரமே போன் வந்தது. மாவு கொரகொரவென்று வருகிறது, சல்லடை அடைக்கிறது என்று. அரிசியைச் சரியாகக் காயவைக்கவில்லை என்று சொல்லி ஐயாசாமி போனை வைத்தார். இரண்டாவது போனுக்கு, சல்லடை ஓட்டையாக இருக்கும் என்றார். மூன்றாவது போனுக்கு, "மாவு அரைக்கத் தெரியாட்டி பழையபடி துணி தைக்கப் போ" என்றார். நான்காவதை எடுக்கவே இல்லை.

போன் நின்றது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு காலை, காப்பிக் கடையில் அவர் உட்கார்ந்திருந்த மேசைக்கு வெள்ளையம்மா வந்தார். ஊருக்கே முறுக்கு சுட்டுக் கொடுக்கிறவர், அறுபதைத் தாண்டியவர். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. உட்காரவில்லை. துணியை அவிழ்த்துக் கையை அவர் தேத்தண்ணிக்கு மேலே நீட்டினார்.

"பாரு. நல்லா பாரு."

தோல் கொப்பளித்து வழன்றிருந்தது. ஐயாசாமி கண்ணை வேறு பக்கம் திருப்பினார்.

"மாவுல தண்ணி கூடியிருக்கும்."

"முப்பது வருஷமா சுடுறேன். எனக்குத் தண்ணி அளவு சொல்லித் தர்றியா நீ? உன் மிஷின்ல அரைச்ச மாவு, எண்ணெயில போட்டதும் டப்பு டப்புன்னு வெடிக்குது. நூத்தி நாப்பது டின் ஒத்துக்கிட்டிருக்கேன்யா. எந்தக் கையால சுடுறது?"

பின்மேசையிலிருந்து ஒருவர், "அப்ப இந்த வருஷம் பட்டாசு வாங்கத் தேவையில்ல, அக்காகிட்ட முறுக்கு வாங்கிக்கலாம்" என்றார். சிலர் சிரித்தார்கள். வெள்ளையம்மா சிரிக்கவில்லை.

"ஜஹானாரா உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா. நாளைக்குக் குளுவாங் தவுக்கே வர்றாராம். வந்து நீ எழுதின நம்பரை அடிச்சிட்டு, மேல அவர் நம்பரை எழுதுவாராம்."

காப்பிக் கடையே கேட்டுக்கொண்டிருந்தது. கொப்பளத்துக்கு அசையாத ஐயாசாமிக்கு இது சுருக்கென்று தைத்தது. குளுவாங்கில் மிஷின் பட்டறை வைத்திருக்கிற சீன முதலாளியான அந்தத் தவுக்கே வந்தால் செய்தி ரயிலுக்கு முன்னால் ஓடும். ஐயாசாமி எழுதிய எண்ணை இன்னொருவன் வந்து அடித்தான் என்று ஒவ்வொரு கடையிலும் பேசுவார்கள். பத்தொன்பது வருடத்துப் பேச்சு ஒரு பகலில் போய்விடும்.

"நான் மிஷின் பாக்கப் போகல" என்று எழுந்தார். "தப்பு அவளுதுன்னு காட்டப் போறேன்."

மில்லில் மாவு வாசனையோடு சண்டைக்கு எல்லாம் தயாராக இருந்தது. ஜஹானாரா மிஷினுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெள்ளையம்மா பின்னாலேயே வந்து அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"வாங்க அண்ணே. ரெண்டாம் நடை கிடையாதுன்னாங்க?"

"இது நடையில கணக்கில்ல. தள்ளு."

சல்லடையைக் கழற்றிப் பார்த்தார். ஓட்டை இல்லை. அரிசியைப் பல்லில் கடித்துப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. உள்ளே சுழன்று அரிசியை இடிக்கும் சுத்திகளின் முனை தேயவில்லை. பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினார். அரை அங்குலம் இறங்கியது, அளவாக இருந்தது, வழுக்கவில்லை. சாக்கட்டியை எடுத்துத் தரையில் மறுபடி பெருக்கினார், வகுத்தார். மறுபடியும் இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது.

"வேகம் சரியா இருக்கு."

"சரியா இல்ல. மெதுவா ஓடுது. சத்தமே வேற."

"சத்தத்துல வேகம் தெரியுமாக்கும் உனக்கு. தகட்டைப் பாரு, படிக்கத் தெரியும்ல? ஆயிரத்து எழுநூத்தம்பது. கணக்கு இருக்குது இங்க. கணக்கு பொய் சொல்லுமா?"

"கணக்கு சொல்லாது. தகடு சொல்லலாம்."

இதை அவள் சும்மா வாய்க்கு வந்ததைத்தான் சொன்னாள். ஆனால் சொன்னதும் அவளுக்கே ஒரு யோசனை வந்தது. உள்ளே போனாள். வெள்ளை நூல் கண்டு ஒன்றும், ஒட்டுகிற டேப்பும், கத்தரிக்கோலும் கொண்டுவந்தாள்.

"ஃபேக்டரியில பாபின்ல நூல் சுத்துவோம். மெஷின் எவ்வளவு வேகமோ அவ்வளவு நூல் ஏறும். பத்து செகண்ட்ல எவ்வளவு ஏறுதுன்னு பாத்தா எந்த மெஷின் தூங்குதுன்னு தெரிஞ்சிடும். அங்க சூப்பர்வைசர் வாயால சொன்னதை நாங்க நம்பறதில்ல, நூலைத்தான் நம்புவோம்."

"நூலை வச்சு எனக்கு வேகம் காட்டப் போறியா?"

"ஆமா."

மில்லின் ஓரத்தில் தேங்காய் துருவுகிற மிஷின் இருந்தது. அதன் மோட்டார் தகட்டில் ஆயிரத்து நானூற்று நாற்பது. ஐயாசாமியே பார்த்துத் திருப்தியடைந்தது. அதற்கும் மாவு மிஷினில் போட்ட கப்பல் மோட்டாருக்கும் சுழல்கிற தண்டு ஒரே தடிமன். முதலில் தேங்காய் மோட்டாரை நிறுத்தி, தண்டின் முனையில் நூலை டேப்பால் ஒட்டினாள். சுவிட்சைப் போட்டாள். வெள்ளையம்மா போனைப் பார்த்துப் பத்து எண்ணினார். பத்தில் ஜஹானாரா நூலைக் கத்தரித்தாள். ஏறிய நூலை உருவி, பூக்காரி மாதிரி விரலுக்கும் முழங்கைக்கும் நடுவில் போட்டு அளந்தாள். நாற்பத்தாறு முழம்.

"உங்க கணக்குல இதுக்கு எவ்வளவு வரணும்?" என்று கப்பல் மோட்டாரைக் காட்டினாள்.

ஐயாசாமி தரையில் போட்டார். "அம்பத்தாறு. அரை முழம் முன்ன பின்ன."

கப்பல் மோட்டாரில் நூலை ஒட்டினாள். பத்து எண்ணினார்கள். வெட்டினாள். அளந்தாள். நாற்பத்தாறு முழமும் ஒரு சாணும்.

ஐயாசாமி நூல் கண்டைப் பிடுங்கினார்.

"உனக்கு ஒட்டத் தெரியல. குடு."

அவரே ஒட்டினார். சுவிட்சையும் அவரே போட்டார். எண்ணிக்கையையும் வெள்ளையம்மாவிடம் விடாமல் தானே போனைப் பார்த்து எண்ணினார். தன் கையால் அளந்தார். அவர் கை நீளம். முழம் இரண்டு குறைந்தது. அதே கையால் தேங்காய் மோட்டாரையும் மறுபடி அளந்தார். அங்கேயும் இரண்டு குறைந்தது. இரண்டும் ஒரே வேகம்தான். எப்படித் திருப்பிப் போட்டாலும் அதேதான்.

எரிந்துபோன பழைய மோட்டார் மூலையில் சாக்கு மூடிக் கிடந்தது. ஐயாசாமி போய்ச் சாக்கைத் தள்ளிவிட்டு, அதன் தகட்டைச் சட்டை நுனியால் துடைத்தார். திரும்ப வந்து கப்பல் மோட்டாரின் தகட்டைத் துடைத்தார். மறுபடி அங்கே போனார். மறுபடி இங்கே வந்தார். ஒரு தகட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் இன்னொரு தகட்டில் என்ன இருக்கிறது என்று, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி, விரல் வைத்துப் பார்த்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. பழையதில் ஐம்பது. கப்பல் மோட்டாரில் அறுபது.

அந்த அறுபதை அவர் முன்பும் பார்த்திருக்கிறார். ஏதோ கம்பெனி நம்பர் என்று விட்டுவிட்டார். காலண்டர் கணக்கில் அது இல்லை. இல்லாததை அவர் படிப்பதில்லை. இப்போது விளங்கியது. நம் ஊர் கரண்ட் ஒரு நொடிக்கு ஐம்பது தரம் துடிக்கிறது. கப்பலில் அவர்களே உண்டாக்குகிற கரண்ட் அறுபது தரம். மோட்டார் கரண்ட் துடிக்கிற கதிக்குத்தான் ஓடும். தகட்டில் போட்டிருந்த வேகம் கப்பலுக்கு. லாயாங் லாயாங்குக்கு இல்லை. சாக்கட்டியை எடுத்து ஐம்பதால் பெருக்கி அறுபதால் வகுத்தார். ஆயிரத்து நானூற்று ஐம்பத்தெட்டு. எரிந்துபோன மோட்டாரும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்படியென்றால் அவர் எழுதிய 2840 பொய். மிஷின் இரண்டாயிரத்து முந்நூற்று எழுபதைத் தாண்டவில்லை. எதையும் மாற்றாமல் பழைய புல்லியையே போட்டிருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும். அதைத்தான் இவள் அன்றைக்கே கேட்டாள்.

"என்ன அண்ணே?" என்றாள் ஜஹானாரா. அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"அந்தப் புல்லி எங்க?"

"எந்தப் புல்லி?"

"எட்டங்குலம்."

"எனக்கு அங்குலமெல்லாம் தெரியாதே. தெரியாததைக் கேக்கிறதே குத்தம்னு ஒருத்தர் சொன்னாரு."

ஐயாசாமி ஸ்பேனரைத் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருப்பார். எத்தனையோ இடத்தில் போயிருக்கிறார். ஆனால் வாசலுக்குப் போகிற வழியில் வெள்ளையம்மா உட்கார்ந்திருந்தார். கையில் துணியைத் திரும்பச் சுற்றவில்லை. மடியில் அப்படியே மல்லாத்தி வைத்திருந்தார்.

"பழைய புல்லி குடு" என்றார் ஐயாசாமி.

"கேக்கல."

"பழைய புல்லியைக் குடும்மா. அதுதான் சரி."

ஜஹானாரா பின்கதவுக்குப் போய்ப் புல்லியைக் காலால் உருட்டிக்கொண்டு வந்தாள். கையில் எடுத்துக் கொடுக்கவில்லை. ஐயாசாமி குனிந்து எடுத்தார். துருவைத் தேய்த்தார், பள்ளத்தில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினார், தண்டில் ஏற்றினார். அளவு பிசகாமல் உட்கார்ந்தது. வேனிலிருந்து கொஞ்சம் நீளமான பெல்ட் கொண்டுவந்து மாட்டினார். சுவிட்ச் போட்டதும் மிஷினின் குரல் ஏறியது. சத்தம் வேறுதான். அவருக்கே கேட்டது.

வெள்ளையம்மா தன் மூட்டையிலிருந்து ஒரு கிண்ணம் அரிசியைக் கொட்டினார். விழுந்த மாவை இடது கையால் எடுத்து விரலிடையில் தேய்த்தார். முகத்தில் தேய்க்கிற பவுடர் மாதிரி இருந்தது.

"ம்" என்றார். பிறகு ஐயாசாமியைப் பார்த்து, "இதை நாலாவது போனுக்கே வந்து செஞ்சிருந்தா என் கை தப்பிச்சிருக்கும்" என்றார்.

ஐயாசாமி கம்பி பிரஷை எடுத்து, தகரத்தில் இருந்த 2840 மேல் வைத்தார்.

"கையை எடுங்க" என்றாள் ஜஹானாரா.

"தப்பு நம்பர். அழிக்கணும்."

"அழிக்கக் கூடாது. அது அங்கேயே இருக்கட்டும். சரியானதைக் கீழ எழுதுங்க. மாவு அரைக்க வர்றவங்க ரெண்டையும் பாக்கட்டும்."

"என்னை அசிங்கப்படுத்தப் பாக்கிற."

"ஆமா. நாளைக்குத் தவுக்கே வர வேணாம்னு சொல்லிடுறேன். ஆனா அது இருக்கும். என் மிஷின், என் தகரம்."

அவர் பிரஷைப் பைக்குள் போட்டார். பெயின்ட் டப்பாவைத் திறந்து, பழைய எண்ணுக்குக் கீழே 2900 என்று எழுதினார். கோடு போட்டார். கோடு கோணலாகப் போயிற்று.

வாசலைத் தாண்டும்போது அவள் பின்னாலிருந்து கேட்டாள். "அண்ணே, அந்தக் கப்பல் மோட்டார் வேற எத்தனை கடையில போட்டிருக்கீங்க?"

ஐயாசாமி வேனுக்குள் ஏறி உட்கார்ந்துதான் எண்ணினார். மூன்று. ஸ்கூடாயில் இரண்டு, கெலாங் பாத்தாவில் ஒன்று. மூன்றிலும் தகட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டு, மூன்றிலும் எண் எழுதி, மூன்றிலும் கோடு போட்டிருக்கிறார். ஒருவரும் இதுவரை போன் போடவில்லை. போடாமலே இருக்கலாம். ஆனால் தீபாவளி மாவு அரைக்க வருகிற ஒவ்வொருத்தியிடமும் ஜஹானாரா நூல் கதையைச் சொல்லாமல் விடமாட்டாள். அவர் அதற்கு முன்னால் போய்விட வேண்டும். இன்னொருவன் வந்து அடிப்பதற்கு முன்னால் தானே அடித்துவிட வேண்டும்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கெலாங் பாத்தாவில் லியாக்கத் அலியின் சாப்பாட்டுக் கடைப் பின்வாசலில் வேன் நின்றது. கடைக்கு வேண்டிய மசாலாவை லியாக்கத் அலி சொந்த மிஷினிலேயே அரைக்கிறவர். கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"யாரு கூப்பிட்டா உன்னை? நான் போன் போடலையே."

"மிஷின் மெதுவா ஓடுது. புல்லி மாத்தணும்."

"மெதுவா ஓடுதா? யாரு சொன்னா? ஒரு வருஷமா நல்லாத்தானே அரைக்குது."

"நல்லா அரைக்கல. நீ அதையே தின்னு பழகிட்ட."

"இந்தா பாரு, நீ போட்டது, நீ எழுதினது." லியாக்கத் அலி தகரத்தைத் தட்டிக் காட்டினார். "ஐயாசாமி நம்பர்னு ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அது தப்புன்னு எவன் சொன்னான்? பேரைச் சொல்லு, நான் கேக்கிறேன் அவனை."

"நான் சொல்றேன். தப்பு."

"நீ எழுதினதை நீயே தப்புங்கிற?"

"உனக்குக் காது கேக்குதா இல்லையா? தப்பு. மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு அங்கிட்டுப் போ."

லியாக்கத் அலி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே சுவிட்சை அணைத்தார். ஐயாசாமி பெல்ட்டைக் கழற்றினார், புல்லியை மாற்றினார், பெல்ட்டை மாட்டினார். பிறகு பையிலிருந்து நூல் கண்டு ஒன்றை எடுத்து, தண்டில் டேப்பால் ஒட்டினார்.

"இது என்ன கூத்து?" என்றார் லியாக்கத் அலி.

"பத்து எண்ணத் தெரியுமா உனக்கு? தெரிஞ்சா எண்ணு."

லியாக்கத் அலி எண்ணினார். ஐயாசாமி நூலை வெட்டி அளந்து, தரையில் கணக்குப் போட்டு, தலையாட்டிக்கொண்டார். பெயின்ட் டப்பாவைத் திறந்தார். பழைய எண்ணை அழிக்கவில்லை. அதற்குக் கீழே புதிதாக எழுதிக் கோடு போட்டார், இந்தத் தடவை கோணாமல்.